விமானம் ஏறும் வீதமும் வீட்டுச் சிமுலேட்டரும்

டில்லியிலிருந்து மும்பைக்குப் புறப்படும் பிரயாணி விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழுந்து 35,000 அடி உயரத்தை அடையச் சாதாரணமாக இருபது நிமிஷங்களோ அதற்குச் சற்று அதிகமோ ஆகும். அதே வகை விமானத்தை வீட்டிலுள்ள கணிப்பொறியில் ஓட்டிப் பழகும் மாணவன், பத்துப் பன்னிரண்டு நிமிஷங்களில் அவ்வுயரத்தை எட்டிவிடுவதுண்டு. இவ்விரண்டில் எது மெய், வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அவன் ஆசிரியரைக் கேட்கக்கூடும். கேள்வி விளையாட்டைப் பற்றியதாகத் தோன்றினும், அதன் விடை இயக்க விதிகளையும், வாயுமண்டலத்தின் தன்மையையும், அளவீட்டில் நேரும் பிழையின் இயல்பையும் ஒருங்கே விளக்க வல்லது.

விமானத்தின் நடத்தையைத் தரையிலேயே போலச் செய்து காட்டும் சாதனம் சிமுலேட்டர் எனப்படும். அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த பயிற்சிக் கூண்டு இவ்வகையில் புகழ்பெற்றது. ஆர்கன் வாத்தியங்கள் செய்யும் குடும்பத்தில் பிறந்த அவர், அவ்வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே கூண்டை அசையச் செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது பல்லாயிரக் கணக்கான விமானிகள் அதில் பயின்றனர். வீட்டுக் கணிப்பொறிக்கென மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விமானச் சிமுலேட்டர் 1982-இல் வெளிவந்தது. பின்னர் எக்ஸ்-பிளேன், யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் முதலியவை தோன்றின. இன்று இவற்றில் காணும் மேகங்களும் ஓடுபாதைகளும் கண்ணை ஏமாற்றும் அளவுக்குத் தத்ரூபமாக உள்ளன. ஆயினும் காட்சியின் மெய்ம்மை வேறு, இயக்கத்தின் மெய்ம்மை வேறு. இயக்கத்தின் மெய்ம்மையைச் சோதிக்க, விமானம் ஏறும் வீதத்தைக் காட்டிலும் நுட்பமான உரைகல் கிடைப்பது அரிது.

ஏற்றத்துக்குக் காரணம் யாது?

இறக்கைகள் தரும் தூக்குவிசையே விமானத்தை மேன்மேலும் உயர்த்துகிறது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், விமானம் சீரான வேகத்தில் ஏறும்போது தூக்குவிசை விமானத்தின் எடையைவிடச் சிறிது குறைவாகவே இருக்கும். காற்றின் தடையை வென்றபின் எஞ்சின்களிடம் மிஞ்சியிருக்கும் உந்துவிசையே விமானத்தை மேலே கொண்டு செல்கிறது.

மேட்டுச் சாலையில் செல்லும் பாரவண்டியை இதற்கு ஒப்பிடலாம். சமதரையில் உராய்வை வெல்லும் அளவுக்கு மாடுகள் இழுத்தால் வண்டி ஒரே வேகத்தில் செல்லும். மேட்டில் ஏற வேண்டுமாயின், உராய்வை வென்றபின்னும் மாடுகளிடம் வலு மிச்சம் இருத்தல் வேண்டும். அம்மிச்சம் எவ்வளவோ அதற்கேற்பவே ஏறக்கூடிய மேடும் அமையும். வண்டியில் பாரம் மிகுந்தால், அதே மிச்சத்தைக் கொண்டு ஏறக்கூடிய மேடு குறைந்துவிடும். இக்கருத்தைச் சூத்திரமாகப் பின்வருமாறு எழுதலாம்:

ஏறு வீதம் = (உந்துவிசை − காற்றுத் தடை) × வேகம் ÷ எடை

இச்சூத்திரத்தில் அடைப்புக் குறிகளுக்குள் உள்ள கழித்தலே முக்கியமானது. ஏறு வீதம் இரண்டு பெரிய அளவுகளின் வித்தியாசத்தைப் பொறுத்தது. இவ்வித்தியாசம் சிறிதாகும்போது, பெரிய அளவுகளில் உள்ள சிறு பிழையும் விடையைப் பெரிதும் மாற்றிவிடும். வண்டியோடு சேர்த்து மூட்டையை நிறுத்து, பின் வண்டியை மட்டும் நிறுத்து, கழித்து மூட்டையின் எடையைக் காண்பவன் இத்தகைய இடருக்கு உள்ளாகிறான். வண்டியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், சிறு மூட்டையின் எடை முற்றிலும் பொய்யாகிவிடும்.

சிறு பிழை பெரும் பிழையாதல்

இரண்டு ஜெட் எஞ்சின்கள் கொண்ட 75 டன் நிறையுள்ள விமானம் ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக் கொள்வோம். அதன் எடை ஏறக்குறைய 736 கிலோ நியூட்டன். 10,000 அடி உயரத்தில் இரு எஞ்சின்களின் மொத்த உந்துவிசை 105, காற்றுத் தடை 45 கிலோ நியூட்டன் எனவும், வேகம் விநாடிக்கு 170 மீட்டர் எனவும் கொள்க. மிச்சமான விசை 60 கிலோ நியூட்டன். இதனின்று ஏறு வீதம் விநாடிக்குச் சுமார் 13.9 மீட்டர், அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,730 அடி எனக் கிடைக்கிறது.

அதே விமானம் 35,000 அடியை நெருங்குகையில் உந்துவிசை 50 கிலோ நியூட்டனாகக் குறைந்துவிட்டது, காற்றுத் தடை 45 ஆகவே உள்ளது, வேகம் விநாடிக்கு 231 மீட்டர் எனக் கொள்வோம். மிச்சம் 5 கிலோ நியூட்டன் மட்டுமே. ஏறு வீதம் விநாடிக்கு 1.6 மீட்டருக்கும் குறைவு. நிமிஷத்துக்கு 310 அடிதான்.

இப்போது சிமுலேட்டரை ஆக்கியவர் உந்துவிசையை 5 சதவீதம் கூடுதலாகக் குறித்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். 10,000 அடியில் மிச்சம் 60-லிருந்து 65.25 ஆகிறது. ஏறு வீதத்தில் விளையும் பிழை 9 சதவீதத்துக்கும் குறைவு. பார்ப்பவர் அதனை உணரமாட்டார். 35,000 அடியிலோ மிச்சம் 5-லிருந்து 7.5 ஆகிறது. ஏறு வீதத்தில் விளையும் பிழை 50 சதவீதம். உந்துவிசையில் 10 சதவீதப் பிழை இருந்தால் அவ்வுயரத்தில் விமானம் இரு மடங்கு வீதத்தில் ஏறும். ஓடுபாதையில் சரியாக ஓடி, சமநிலையில் சரியாகப் பறக்கும் சிமுலேட்டர் விமானம், உயரத்தில் மட்டும் நம்பத் தகாத வகையில் விரைந்து ஏறுவதன் காரணம் இதுவே.

காற்றின் அடர்த்தியும் வெப்பமும்

உயரே செல்லச் செல்ல உந்துவிசை ஏன் குறைகிறது? ஜெட் எஞ்சின் காற்றை உட்கொண்டு பின்னோக்கி வீசியே உந்துவிசையைப் பெறுகிறது. காற்று அடர்த்தி குறைந்தால் எஞ்சினுள் செல்லும் காற்றின் நிறையும் குறையும். சர்வதேசத் திட்ட வாயுமண்டலத்தின்படி, கடல் மட்டத்தில் உஷ்ணநிலை 15 டிகிரி சென்டிகிரேட். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோகிராம். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடுந்தோறும் உஷ்ணநிலை 6.5 டிகிரி குறைந்து, 11 கிலோமீட்டரில் −56.5 டிகிரியை அடைகிறது. 35,000 அடியில் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் 31 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

இவை திட்டமான நாளுக்கு உரிய எண்கள். இந்தியக் கோடை அத்தகையது அன்று. உஷ்ணநிலை மிகுந்தால் அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி குறையும். டில்லி விமான நிலையத்தில் வெப்பம் 40 டிகிரியாக இருக்கும் பகலில், காற்றின் அடர்த்தி திட்டமான கடல் மட்ட அளவைவிடச் சுமார் 10 சதவீதம் குறைந்திருக்கும். பல எஞ்சின்கள் கடல் மட்டத்தில் 30 டிகிரி வரையில்தான் குறிப்பிட்ட முழு உந்துவிசையைத் தருமாறு அமைக்கப்பட்டுள்ளன. வெப்பம் அதற்கு மேற்படின் உந்துவிசை குறைக்கப்படும். கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் உள்ள லே விமான நிலையத்தில், திட்டமான நாளிலேயே அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 72 சதவீதம்தான். வெப்பம் 25 டிகிரியாகும் கோடைப் பகலில் அது 65 சதவீதத்தை ஒட்டிவிடும். லே நகருக்குச் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையில் இயக்கப்படுவதற்கு, பிற்பகலில் வீசும் பலத்த காற்றோடு இதுவும் ஒரு காரணமாகும்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

சிமுலேட்டரின் ஏறு வீதம் மெய்யான விமானத்தோடு ஒவ்வாதபோது, குற்றம் எப்போதும் நிரலைச் சார்ந்தது அன்று. ஓட்டுபவர் அமைக்கும் நிலைமைகளே பல வேளைகளில் காரணமாகின்றன.

அவற்றுள் முதலாவது எடை. போயிங் 737-800 வகை விமானத்தின் வெற்று எடை சுமார் 41 டன். புறப்படும்போது அனுமதிக்கப்படும் அதிகபட்ச எடை 79 டன். பிரயாணிகளும் சரக்கும் இன்றி, சிறிதளவு எரிபொருளோடு சிமுலேட்டரில் புறப்படுபவர், நிறைந்த விமானத்தின் ஏற்றத்தை எதிர்பார்த்தல் கூடாது. மேலே கண்ட கணக்கிலேயே, 35,000 அடியில் விமானத்தின் நிறை 75 டன்னுக்குப் பதிலாக 50 டன் என்றும், காற்றுத் தடையில் பாதி தூக்குவிசையின் பொருட்டு எழுவது என்றும் கொண்டால், அப்பாதி எடையின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். தடை 45-லிருந்து 32.5 கிலோ நியூட்டனாகிறது. மிச்சம் 17.5 ஆகிறது. ஏறு வீதம் நிமிஷத்துக்கு 310 அடியிலிருந்து சுமார் 1,620 அடியாக, ஐந்து மடங்குக்கு மேல் உயர்கிறது. எடையை மாற்றியதாலேயே இவ்வளவும் விளைந்தது.

இரண்டாவது, எஞ்சினின் பயன்பாடு. விமானக் கம்பெனிகள் எஞ்சினின் ஆயுளைப் பேணும் பொருட்டு, ஓடுபாதை நீளமாகவும் எடை குறைவாகவும் உள்ளபோது முழு உந்துவிசையைப் பயன்படுத்துவதில்லை. புறப்பாட்டிலும், ஏற்றத்தின் முற்பகுதியிலும் குறைத்த உந்துவிசையையே அமைக்கின்றன. வீட்டில் ஓட்டுபவரோ நெம்புகோலை முன்னே தள்ளி, புறப்பாட்டு விசையிலேயே உச்சி வரை செல்வதுண்டு.

மூன்றாவது, வேகமும் போக்குவரத்துக் கட்டுப்பாடும். 10,000 அடிக்குக் கீழ் வேகத்தை 250 நாட்டுக்கு மேற்படாமல் வைத்திருப்பது பல நாடுகளில் உள்ள விதி. அதற்கு மேல், மிக விரைவாக ஏற உதவும் வேகத்தை விடச் செலவு குறையும் வேகத்தையே விமானக் கம்பெனிகள் தேர்கின்றன. தரைக் கட்டுப்பாட்டு நிலையம் பிற விமானங்களை முன்னிட்டு இடையே ஓர் உயரத்தில் நிறுத்தி வைப்பதும் உண்டு.

இவை யாவும் சரியாக இருந்தும் வேறுபாடு நீடிப்பின், நிரலில் உள்ள விவரங்களை ஐயுறலாம். நியூட்டனின் விதிகளைக் கணிப்பொறியில் எழுதுவது கடினமன்று. எல்லாச் சிமுலேட்டர்களும் அதனை ஏறக்குறையச் சரியாகவே செய்கின்றன. ஒவ்வோர் உயரத்திலும் வேகத்திலும் எஞ்சின் தரும் உந்துவிசை எவ்வளவு, ஒலியின் வேகத்தை நெருங்குகையில் காற்றுத் தடை எவ்வளவு கூடுகிறது என்பவற்றைச் சரியாகக் குறிப்பதே கடினம். பறத்தல் சோதனைகளால் கிடைத்த அவ்விவரங்கள் விமானத்தையும் எஞ்சினையும் ஆக்குவோரின் உடைமை. வீட்டு நிரல்களை ஆக்குவோர் வெளியிடப்பட்ட சில எண்களைக் கொண்டு எஞ்சியவற்றை ஊகித்து நிரப்ப வேண்டியுள்ளது. எக்ஸ்-பிளேன் போன்ற நிரல், இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து ஒவ்வொன்றின் மீதும் எழும் விசையைக் கணக்கிடுகிறது. அதற்கும் எஞ்சினைப் பற்றிய விவரங்களை எவரேனும் தந்தே ஆகவேண்டும்.

ஏற்றத்தில் காணத்தக்க இரு குறிகள்

மேற்கூறிய சூத்திரம், விமானம் ஒரே வேகத்தில் செல்வதாகக் கொண்டு எழுதப்பட்டது. மெய்யான ஏற்றத்தில் மிச்சமான சக்தியின் ஒரு பகுதி வேகத்தைக் கூட்டவும் செலவாகிறது. இதனின்று இரண்டு குறிகள் கிடைக்கின்றன.

10,000 அடியைக் கடந்ததும் விமானி வேகத்தை 250 நாட்டிலிருந்து 290 அல்லது 300 நாட்டுக்கு உயர்த்துவார். அப்போது ஏறு வீதம் சிறிது நேரம் நன்கு குறைந்து, வேகம் நிலைபெற்ற பின் மீண்டும் கூட வேண்டும். இது முதற் குறி.

இரண்டாவது குறி மேலும் நுட்பமானது. விமானி வேகமானியில் 300 நாட்டை மாறாமல் வைத்து ஏறினும், காற்று மெலிவதால் விமானத்தின் மெய்யான வேகம் கூடிக்கொண்டே செல்லும். மாக் எண் 0.7-ஐ ஒட்டும்போது, மிச்சமான சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு செலவாகிவிடுகிறது. பிறகு, 29,000 அடிக்குச் சற்று மேல், மாக் எண் 0.78-ஐ அடைந்ததும், அவ்வெண்ணையே மாறாமல் வைத்து ஏறுவது வழக்கம். அங்கிருந்து உயரம் கூடக் கூடக் காற்று குளிர்வதால் ஒலியின் வேகம் குறைகிறது. அதே மாக் எண்ணுக்கு உரிய மெய்யான வேகமும் குறைகிறது. சக்தியை விழுங்கி வந்த வேகம் இப்போது சக்தியைத் திருப்பித் தருகிறது. ஆதலின் அவ்விடத்தில் உந்துவிசை கூடாமலே ஏறு வீதம் கண்கூடாக உயர வேண்டும். கணக்கின்படி இவ்வுயர்வு சுமார் 40 சதவீதம். இம்மாற்றத்தைக் காட்டும் சிமுலேட்டர், இயக்க விதிகளை உண்மையாகவே பின்பற்றுகிறது எனலாம்.

பயிற்சிச் சாதனங்களுக்கு உரிய அளவுகோல்

விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் முழுச் சிமுலேட்டர்கள் அரசாங்க அதிகாரிகளின் சோதனைக்குப் பின்னரே அங்கீகாரம் பெறுகின்றன. அமெரிக்க விதிகளின்படி, எல்லா எஞ்சின்களும் இயங்கும் சாதாரண ஏற்றத்தில், சிமுலேட்டரின் ஏறு வீதம் மெய்யான விமானத்தின் அளவோடு 5 சதவீதத்துக்குள் அல்லது நிமிஷத்துக்கு 100 அடிக்குள் ஒத்திருத்தல் வேண்டும்; வேகம் 3 நாட்டுக்குள் ஒத்திருத்தல் வேண்டும். உந்துவிசையில் 5 சதவீதப் பிழை உயரத்தில் 50 சதவீதப் பிழையாவதை நினைவுகூர்ந்தால், இக்கட்டுப்பாடு எத்துணைக் கடுமையானது என்பது புலனாகும்.

ஓர் எஞ்சின் செயலிழந்த நிலைக்கும் தனி அளவு உண்டு. இரண்டு எஞ்சின் கொண்ட பிரயாணி விமானம், புறப்பட்டுச் சக்கரங்களை மடக்கியபின், ஓர் எஞ்சினைக் கொண்டே நூறு மீட்டர் தூரத்துக்கு 2.4 மீட்டர் வீதமாவது ஏற வல்லதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. மிச்சமான விசை எடையில் நூற்றுக்கு 2.4 பங்கு என்பதே இதன் பொருள். 75 டன் விமானத்துக்கு அது 18 கிலோ நியூட்டனுக்கும் குறைவு. வெப்பமான பகலில் விமானத்தின் எடையைக் குறைத்துப் புறப்படச் செய்வது இந்த எல்லையைக் காக்கும் பொருட்டேயாகும்.

பள்ளியில் செய்து பார்க்கும் முறை

கணிப்பொறி உள்ள பள்ளியில் இதனை எளிய பரிசோதனையாக அமைக்கலாம். வாயுமண்டலத்தைத் திட்டமான நிலையில், காற்றோட்டம் இன்றி அமைத்துக் கொள்க. விமானத்தின் எடையைக் குறித்துக் கொள்க. ஏற்றத்துக்குரிய விசையில், வேகத்தை மாறாமல் நிறுத்தி ஏறி, 5,000 அடிக்கு ஒரு முறை நேரத்தையும் ஏறு வீதத்தையும் பட்டியலிடுக. எடையை 10 டன் கூட்டி மறுபடி செய்க. பின்னர் உஷ்ணநிலையைத் திட்ட அளவுக்கு மேல் 15 டிகிரி உயர்த்திச் செய்க. மூன்று பட்டியல்களையும் ஒரே வரைபடத்தில் வரைந்தால், கோடுகள் கீழே நெருங்கியும், உயரம் கூடக் கூட விகிதத்தில் மிகவும் விலகியும் செல்வதை மாணவர் காண்பர்.

ஃப்ளைட்கியரில் பயன்படும் ஜே.எஸ்.பி.சிம் என்னும் இயக்க நிரலில், உந்துவிசை, காற்றுத் தடை ஆகியவற்றின் பட்டியல்கள் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாகவே உள்ளன. உயர் வகுப்பு மாணவர் ஓர் எண்ணை 5 சதவீதம் மாற்றிவிட்டு மீண்டும் ஏறிப் பார்க்கலாம். கணக்கில் கண்ட பெருக்கம் அப்போது திரையிலும் தோன்றும்.

மெய்யான விமானத்தின் ஏற்றத்தோடு ஒப்பிட, விமானங்கள் தாமே ஒலிபரப்பும் உயரம், வேகம் ஆகிய விவரங்கள் இன்று பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. ஒப்பிடுகையில் இரண்டை மறத்தலாகாது. அங்குக் காணும் வேகம் தரையைச் சார்ந்தது. காற்றோட்டத்தால் அது மாறும். விமானத்தின் எடை அவ்விவரங்களில் இராது. ஆதலின் ஒரு விமானத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், ஒரே தடத்தில் செல்லும் பல விமானங்களைப் பார்த்தல் நலம்.

மிச்சம் சிறிது என்னும் பாடம்

2004-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி இரவு, அமெரிக்காவில் சி.ஆர்.ஜே.-200 வகை ஜெட் விமானம் ஒன்று, பிரயாணிகள் எவருமின்றி இரண்டு விமானிகளோடு சென்றது. அவ்வகை விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச உயரமான 41,000 அடிக்கு அவர்கள் ஏறினர். தானியங்கி ஓட்டுக்கருவி, வேகத்தைக் காக்குமாறு அமைக்கப்படாமல், நிமிஷத்துக்கு 500 அடி வீதம் ஏறுமாறு அமைக்கப்பட்டிருந்தது. அவ்வீதத்தைத் தர எஞ்சின்களிடம் போதிய மிச்சம் இல்லை. ஆணையை நிறைவேற்றும் பொருட்டுக் கருவி, விமானத்தின் வேகத்தைப் படிப்படியாகப் பலியிட்டது. உச்சியை அடைந்த விமானம் அங்கே வேகத்தைக் காக்க இயலாமல் தூக்குவிசையை இழந்தது. இரு எஞ்சின்களும் அணைந்தன, மீண்டும் இயங்கவில்லை. மிசூரி மாகாணத்தின் ஜெபர்சன் நகரில் விமானம் வீழ்ந்து, இரு விமானிகளும் உயிரிழந்தனர். அவர்கள் நியமமான முறைகளைக் கைவிட்டதை விசாரணை முக்கியக் காரணமாகக் கண்டது.

உந்துவிசையைச் சற்றுக் கூடுதலாகக் குறித்த சிமுலேட்டரில் இதே ஏற்றத்தைச் செய்தால், வேகம் குறையாமலே விமானம் உச்சியை அடைந்துவிடக்கூடும். எந்த அபாயத்தை அறிந்திருத்தல் வேண்டுமோ, அதனையே அது மறைத்துவிடும். விமானத்துக்கு எப்போதும் வலு மிஞ்சி நிற்கும் என்னும் தவறான எண்ணம், விமானி ஆக விரும்பும் இளைஞனின் மனத்தில் அவன் அறியாமலே பதிந்துவிடும். பிற்காலத்தில் அங்கீகாரம் பெற்ற பயிற்சிச் சாதனத்தில் அமரும்போது, அவன் முதலில் மறக்க வேண்டிய பாடமாக அது அமையும்.

ஆதலின் வீட்டுச் சிமுலேட்டரைத் தள்ளிவிடவும் வேண்டா. அது காட்டும் எண்களை ஆராயாமல் ஏற்கவும் வேண்டா. எடை என்ன, வெப்பம் என்ன, விசை என்ன என்று கேட்டு, சூத்திரத்தில் இட்டுக் கணக்கிட்டு, திரையில் உள்ள ஏறு வீதத்தோடு ஒப்பிடும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவரிடம் வளர்க்கலாம். பத்து நிமிஷத்தில் 35,000 அடி ஏறிய மாணவனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவனுடைய விமானத்தில் எத்தனை டன் பாரம் இருந்தது என்பதே.